குன்றிமணி இலை தேடி அலங்காநல்லூர்ப் பக்கம் போய் வந்தது

மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன பயணம் இது. காரணம் என் மச்சினன் சோலைராசுவின் தொண்டை. அவன் சம்சாரி, கொஞ்சம் நிலம் வைத்திருக்கிறான். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அவனை விவசாயி என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் மைக் பிடித்துப் பேசுகிறவன் என்றுதான் தெரியும். வாடிவாசலில் மாடு அவிழும்போது, அது யார் மாடு, என்ன நிறம், பிடித்தால் என்ன பரிசு என்று மேடையில் இருந்து சொல்வது அவன் குரல். காலையில் ஆரம்பித்தால் பொழுது சாயும் வரை ஓயாது.

அந்தக் குரல் கார்த்திகையிலேயே கம்மிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனான். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், கட்டி எதுவும் இல்லை, குரல்நாண் வீங்கியிருக்கிறது, பீடியை விடு, பேச்சையும் விடு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார். மாத்திரையைத் தின்றான். பீடியைக்கூட விட்டான். பேச்சை விட முடியவில்லை. பேசாமல் இருப்பதற்கு ஒரு மாத்திரை தரக் கூடாதா என்று டாக்டரிடமே கேட்டிருக்கிறான்.

விழாக் கமிட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு முடிவு சொன்னது. போகியன்று சாவடியில் மைக்கைக் கட்டுவோம், வந்து பேசிக் காட்டு, குரல் வந்தால் நீ, இல்லாவிட்டால் மேலூரில் இருந்து ஒரு இளவட்டம் வரத் தயாராக இருக்கிறான் என்று. மறுநாள் சோலைராசு செல்லூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

எனக்கு எழுதப் படிக்க வராது. விசைத்தறி ஓட்டியவன். நான் போய்வந்த இடங்களைச் சொல்வேன், என் மருமகள் கணினியில் ஏற்றுவாள். வழக்கமாகப் படிப்பவர்களுக்கு இது தெரியும். நினைவில் இருப்பதைத்தான் சொல்கிறேன். பேருந்துக் கட்டணம் மட்டும் அவள் ஒருமுறை சரிபார்த்துப் போடுகிறாள்.

தொண்டைக் கம்மலுக்குக் குன்றிமணி இலை நல்லது என்பது நான் கண்ணால் பார்த்தது. வாலிப வயதில் நாடகம் பார்க்கப் போனால் மேடைக்குப் பின்னால்தான் சுற்றிக்கொண்டிருப்பேன். பாட்டுக்காரர்கள் முகத்தில் அரிதாரம் பூசியபடியே எதையோ மென்றுகொண்டிருப்பார்கள். கேட்டதற்கு ஒருவர் ஒரு கொத்தை என் கையில் கொடுத்தார். புளிய இலை மாதிரி பொடி இலை. முதலில் வெறும் தழை வாசம், பிறகு அதிமதுரம் போல ஓர் இனிப்பு வந்து தொண்டையில் நின்றது. அதற்குப் பிறகு குடித்த தண்ணீரும் இனித்தது. அந்தக் கொடியின் விதைதான் சிவப்பும் கறுப்புமாக இருக்கும் குன்றிமணி. பிள்ளையாருக்குக் கண் வைப்பது, ஆசாரி பொன் நிறுத்தது எல்லாம் அதில்தான். விதை கடும் விஷம். ஓடு உடைந்தால் ஆளைக் கொல்லும். ஒரே கொடியில் மருந்தும் எமனும்.

கடையில் உலர்ந்த இலை கிடைக்கும். ஆனால் பச்சையாக மென்றால்தான் இனிப்பு பிடிக்கும் என்பது என் எண்ணம்.

முதலில் கோச்சடைக்குப் போனோம். வைகைக் கரையை ஒட்டி அங்கே வேலியெல்லாம் குன்றிமணி படர்ந்திருந்தது எனக்கு ஞாபகம். செல்லூரில் இருந்து ஷேர் ஆட்டோவில் ஆரப்பாளையம், ஆளுக்கு இருபது ரூபாய். அங்கிருந்து டவுன் பஸ். காலை ஏழரைக்கு இறங்கினோம். என் ஞாபகத்தில் குறை ஒன்றும் இல்லை, வேலிதான் இல்லை. அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. காவலாளி என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். கொடி என்றேன். "கொடின்னா மாடியில துணி காயப்போடத்தான் இருக்கு தாத்தா" என்றார். ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தோம். சீமைக்கருவேலமும் ஆகாயத்தாமரையும்தான். கோச்சடைக்கு இதற்காக யாரும் போக வேண்டாம்.

திரும்ப ஆரப்பாளையம் வந்து அலங்காநல்லூர் பஸ் ஏறினோம். பதினாறு, பதினேழு கிலோமீட்டர் இருக்கும், முக்கால் மணி நேரம். சோலைராசு கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கைச்சாடையில் டிக்கெட் கேட்டான். பேசக் கூடாது என்று நான் கண்டிஷன் போட்டிருந்தேன்.

கண்டக்டர் என்னைப் பார்த்து, "பெருசு, இவரு வாய் பேச மாட்டாரா? பாஸ் இருந்தா காட்டச் சொல்லுங்க, டிக்கெட் வேணாம்" என்றார்.

சோலைராசுக்கு முகம் கறுத்துவிட்டது. கண்டிஷனை மறந்து, "யாரைப் பார்த்துய்யா..." என்று ஆரம்பித்தான். ஓட்டை விழுந்த தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"அய்யய்யோ, பேசாதீங்கண்ணே, பேசாதீங்க. பஸ்ஸுல பிள்ளைக தூங்குது" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது.

பக்கத்து இருக்கைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டு ஒரு யோசனை சொன்னார். "இலையைத் தின்னு எப்பத் தொண்டை சரியாகுறது? மணியை இடிச்சுக் கசாயம் போடுங்க. ஒரே நாள்ல தொண்டை திறந்துரும்."

"தொண்டை திறந்துரும்ணே. கண்ணு மூடிரும்" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இப்படி யோசனை சொல்கிறவர்கள் எல்லா பஸ்ஸிலும் உண்டு. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன்.

அலங்காநல்லூருக்கு முன்பே ஒரு கிராமத்துக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கினோம். ஊர்ப் பெயர் வேண்டாம், காரணம் பிறகு தெரியும். வாய்க்கால் கரையோடு இரண்டு கிலோமீட்டர் நடை. ஒரு பக்கம் பொங்கலுக்கு வெட்டக் காத்திருந்த கரும்பு, இன்னொரு பக்கம் நெல். எங்கே பார்த்தாலும் முள்கம்பி. கடைசியில் ஒரு தென்னந்தோப்பின் பின்பக்கம் பழைய கிளுவை வேலி அப்படியே இருந்தது. அதன் மேல் கொடி.

தை பிறக்கும் சமயத்தில் குன்றிமணியைக் கண்டுபிடிப்பது சுலபம். நெற்று காய்ந்து வெடித்து, உள்ளே மணிகள் ஒட்டியபடி வரிசையாகத் தெரியும். மழை தாமதமாக முடிந்திருந்ததால் இலையும் பச்சையாக இருந்தது. தோப்புக்காரரிடம் கேட்டோம். "களையாத்தான் கெடக்கு, எம்புட்டு வேணுமோ எடுத்துக்கங்க" என்றார்.

இலையைப் பறிக்கும் முறை ஒன்றுதான். கொடியைத் தொடாமல், காம்பைக் கிள்ளி இலையை மட்டும் துணியில் போட வேண்டும். நெற்று ஒன்றுகூட சேரக் கூடாது. நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். சோலைராசு நாலு இலையைக் கிள்ளி வாயில் போட்டான், இனிப்பு ஏறியதும் பொறுமை போய்விட்டது. கொடியைச் சுருட்டி இழுத்து, நெற்றும் இலையுமாக மஞ்சப்பைக்குள் திணித்தான்.

"மாப்ள, நெத்தை உருவிப் போட்டுட்டு எடு."

பஸ் போய்விடும், வீட்டில் போய் உருவிக்கொள்ளலாம் என்று சாடை காட்டினான். அந்தச் சாடையில்தான் வந்தது வினை.

திரும்பும் வழியில் விலக்குக்கு முன்னால் ஊர் முகப்பில் ஒரு டீக்கடை. எதிரே வேப்பமரத்தடியில் ஒரு மயிலைக் காளை கட்டியிருந்தது. சாம்பல் நிறம், திமில் ஒரு பக்கமாகச் சரிந்து, கொம்பைச் சீவிப் பளபளவென்று வைத்திருந்தார்கள். டீ சொன்னோம், ஒன்று பன்னிரண்டு ரூபாய். சோலைராசு பையைக் கீழே வைத்தான். பைக்குள் ஏதோ ஒரு நெற்று நெருக்கத்தில் வெடித்திருக்க வேண்டும். நாலைந்து மணிகள் வாயோரமாக வழிந்து சிமெண்டுத் தரையில் உருண்டன.

கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே நிறுத்தினார்.

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் தோலுக்காகவும் பகைக்காகவும் மாட்டைக் கொல்கிறவர்கள் பயன்படுத்தியது குன்றிமணி. எப்படி என்று நான் சொல்லப் போவதில்லை. மேலுக்கு ஒரு முள் குத்திய மாதிரிதான் இருக்கும், மாடு விழுந்துவிடும். ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிற ஊர்களில் அந்தப் பயம் இன்னும் போகவில்லை. மார்கழி பிறந்துவிட்டால் வெளியாள் கொடுக்கிற வாழைப்பழத்தைக்கூட மாட்டுக்குக் காட்ட மாட்டார்கள். பொங்கல் முடியும் வரை குன்றிமணி ஊர் எல்லைக்குள் வரக் கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. நாங்கள் ஒரு பை நிறையக் கொண்டுபோய், காளைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

கடைக்காரர் குரல் கொடுத்ததும் நாலு பேர் வந்துவிட்டார்கள். ஒருவன் பையை எடுத்துக்கொண்டான், இன்னொருவன் என் கையைப் பிடித்தான். மாட்டுக்காரர் வரட்டும் என்றார்கள். மாட்டுக்காரர் என்றால் ஆண் என்று நினைத்தேன். தொழுவத்தில் இருந்து சாணிக் கையோடு ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். பஞ்சவர்ணம் என்று பெயர். பைக்குள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் போய்க் காளையைத் தலையில் இருந்து வால் வரைக்கும் தடவிப் பார்த்தார். தோலில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு அனுப்பி வந்தீக?"

"யாரும் அனுப்பலத்தா. இவன் என் மச்சினன். தொண்டைக்கு இலை பறிக்க வந்தோம்."

"தொண்டைக்கு இலைதான? மணி எதுக்கு?"

என்னிடம் இருந்த பதில், அவசரம் என்பது. அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

"போலீசுக்குப் போன் போடுக்கா" என்றான் ஒருவன். "போலீசு வாரதுக்குள்ள நாம கேட்டுக்கலாம்" என்றான் இன்னொருவன். அவன் கேட்பது எப்படி இருக்கும் என்று அவன் கையைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் ஊர்ப் பெயரைச் சொல்லி, எங்கள் ஊர் ஜல்லிக்கட்டில் மைக் பிடிக்கிற சோலைராசு இவன்தான் என்றேன். எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அந்த ஊருக்கு அவன் குரல் தெரியும், முகம் தெரியாது. மேடை தூரத்தில் இருக்கும், வாடிவாசலை விட்டுக் கண்ணை எடுத்து அதை யார் பார்ப்பார்கள்?

"அவரா? எங்கே, பேசச் சொல்லு" என்றார் பஞ்சவர்ணம்.

சோலைராசு பேசினான். தகரச் சத்தம்தான் வந்தது.

"மைக்குக்காரரு கொரலு எனக்குத் தெரியாதா? இது என்ன, கெணத்துல விழுந்த கோழி மாதிரி இருக்கு." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், ஆனால் என் கையை விடவில்லை.

அந்த அம்மாவைப் பார்த்த பிறகுதான் அந்த மயிலை எனக்குப் பிடிபட்டது. மூன்று வருஷம் முன்பு அது எங்கள் ஊருக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். அன்று சோலைராசு சொன்னதை அப்படியே சொன்னேன். "வருது பாரு மயிலை, திமிலு சரிஞ்ச மயிலை, தொட்டவனுக்கு அண்டா, விட்டவனுக்கு வீட்ல திட்டு, ஒருத்தன் மட்டும் புடி, கொம்பைத் தொடாத, வாலைத் தொடாத, போச்சு போச்சு போச்சு, மாடு ஜெயிச்சிருச்சு, மாட்டுக்காரம்மா மேடைக்கு வாங்க."

ஒரு வார்த்தை பிசகாது. ஆனால் கையைப் பிடித்திருந்தவன், "இது யூடியூபுல கெடக்கு பெருசு, நானும் சொல்லுவேன்" என்று மிச்சத்தையும் சொல்லிக் காட்டினான். எனக்கு அதற்கு மேல் வழி தெரியவில்லை.

சோலைராசு மப்ளரை அவிழ்த்தான். மேடையில் நடந்ததை விட்டுவிட்டு, அது முடிந்த பிறகு நடந்ததைச் சொன்னான். ஒவ்வொரு வார்த்தைக்கும் எச்சில் விழுங்கினான்.

"அன்னைக்கு மாடு ஓடிப் போச்சு. பொழுது விழுந்தும் வரல. மைக் செட்டுக்காரன் வயரைச் சுருட்டிட்டான். நீ அழுதுக்கிட்டு நின்ன. நான் மைக் இல்லாம இருட்டுக்குள்ள கரும்புக் காட்டைச் சுத்திக் கத்திக்கிட்டு வந்தேன். எந்தச் சத்தத்துக்கும் அது வரல. நீ கூப்பிட்ட பெறகுதான் வந்துச்சு."

"எப்படிக் கூப்பிட்டேன்?"

சோலைராசு வேப்பமரத்துப் பக்கம் பார்த்தான். "வாடா சாமி. ஆத்தா நிக்கிறேன், பசிக்குதுடா, வீட்டுக்குப் போவம்."

மாடு திரும்பவில்லை, வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது. அந்த அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"கையை விடுங்கப்பா" என்றார். பிறகு சோலைராசைப் பார்த்து, "ஏண்ணே, அந்தக் கொரலை என்ன பண்ணித் தொலைச்சீக?" என்று கேட்டார். வருத்தமா வசவா என்று பிரிக்க முடியவில்லை.

நான் பைக்குக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை. "ஆளு சரிதாண்ணே. மணி சரியில்லையே" என்றார். கட்டுப்பாடு கட்டுப்பாடுதான். திரும்ப அந்தத் தென்னந்தோப்பு வரைக்கும் எங்களை நடத்திக் கூட்டிப் போனார். வேலியோரம் சாக்கு விரித்து, கொடியை எடுத்து, நெற்றையெல்லாம் ஒவ்வொன்றாக உருவினோம். கீழே சிந்திய மணியைக்கூட விடவில்லை. எல்லாவற்றையும் வேலிக்குள்ளேயே குழி தோண்டிப் போட்டு மூடினார். டீக்கடையில் உருண்ட மணிகளையும் பொறுக்கிக் கொண்டுவந்திருந்தார். மஞ்சப்பையின் தையலுக்குள் உடைந்த துணுக்கு ஒட்டியிருக்கும் என்று அதை எங்களுக்குத் தரவில்லை. இலையைத் தன் வீட்டுத் துணிப்பையில் கட்டிக் கொடுத்தார். கையை வாய்க்காலில் மூன்று தடவை கழுவச் சொன்னார். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் மாலை ஐந்தேகாலுக்கு.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்தது: இலையைக் கழுவி, காலையும் மாலையும் ஒரு சின்னக் கொத்து, கொஞ்சம் கற்கண்டோடு மெல்லக் கொடுத்தேன். சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்ப வேண்டும். அதோடு, போகி வரைக்கும் சோலைராசு பேசவில்லை. டாக்டரும் நானும் சொல்லிக் கேட்காதவன், அந்த டீக்கடைக்குப் பிறகு தானாகவே வாயை மூடிக்கொண்டான். என் தங்கச்சி, அதாவது அவன் சம்சாரம், போனில், "அண்ணே, என்ன மருந்து குடுத்தீக? வீட்ல கடிகாரச் சத்தம் கேக்குது" என்றாள்.

போகியன்று சாவடியில் பேசிக் காட்டினான். முக்கால் குரல் இருந்தது. இலை வேலை செய்ததா, வாயை மூடியது வேலை செய்ததா, டாக்டர் மாத்திரையா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கமிட்டி நடுவாக ஒரு முடிவு எடுத்தது: இரண்டு பேரும் மேடையில் இருக்கட்டும், இவனுக்கு முடியாதபோது மேலூர்க்காரன் பேசட்டும்.

இலை தேடிப் போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். குரல் கம்மி இரண்டு மூன்று வாரத்தில் சரியாகாவிட்டால் முதலில் டாக்டரிடம் போங்கள், வேலிக்குப் பிறகு போகலாம். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைகளும் இந்தக் கொடிப் பக்கமே போக வேண்டாம். காய் இல்லாத காலத்தில், மழை முடிந்த கையோடு போனால் இலை மட்டும் கிடைக்கும். ஆனால் பூக்காத காய்க்காத கொடியை அடையாளம் தெரியாதவர்கள் தனியாகப் பறிக்கக் கூடாது, இதே மாதிரி இலை வேறு செடிகளுக்கும் உண்டு. யாராவது மணியைக் கடித்துவிட்டால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், அடுத்த வண்டியைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மார்கழி, தை மாதங்களில் காளை வளர்க்கிற ஊருக்குள் இந்தக் கொடியோடு நுழையாதீர்கள். எல்லோருக்கும் ஒரு சோலைராசு கூட வர மாட்டான். செலவு எங்கள் இருவருக்கும் டீ உட்பட இருநூறுக்குள் முடிந்தது.

ஜல்லிக்கட்டன்று சோலைராசு பதினொரு மணி வரை தாக்குப் பிடித்தான். பிறகு மேலூர்க்காரன் மைக்கை வாங்கினான். பையன் நன்றாகவே பேசினான், பாட்டுக்கூடப் போட்டான். மத்தியானம் ஒரு மணி வாக்கில் பஞ்சவர்ணம் மயிலையோடு வந்தார். மாட்டை வரிசையில் ஆள் வசம் விட்டுவிட்டு, கூட்டத்தைப் பிளந்து மேடைக்குக் கீழே வந்து நின்றார். கையில் எங்கள் மஞ்சப்பை. துவைத்து, தையலைப் பிரித்து, திரும்பவும் தைத்திருந்தது.

"இலைண்ணே" என்று மேலே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

சோலைராசு ஒரு கொத்தை வாயில் போட்டு மென்றான். மயிலையின் முறை வந்தபோது மைக்கைக் கேட்டு வாங்கினான். அண்டாவும் திட்டும் இந்தத் தடவை இல்லை. "மயிலை வருது. பஞ்சவர்ணம் மாடு" என்று மட்டும் சொன்னான். அதற்கே குரல் உடைந்தது. மாடு வெளியே வந்து, மூன்று பேரை உதறிவிட்டு, யாரிடமும் பிடிபடாமல் போனது. "மாடு ஜெயிச்சிருச்சு" என்று சொல்ல மைக்கை மேலூர்க்காரனிடம் நீட்டினான்.

சாயங்காலம் மேடையைப் பிரிக்கும்போது மஞ்சப்பை என் கையில் இருந்தது. பழக்கத்தில் மிச்ச இலையைத் துண்டில் கொட்டி, பையைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பார்த்தேன். ஒரு மணிகூட விழவில்லை.